சங்கரபாண்டியன் சார் வரைந்த இடுகாடு

சங்கரபாண்டியன் சார் தவறிவிட்டார் என்கிற செய்தி டீக்கடையில் இருக்கும்போது வந்தது. கோயம்புத்தூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "கோவிந்தன் மாமா, அப்பா போயிட்டாங்க. உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க" என்றாள். நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன், "யாரு தாத்தா?" என்று கேட்டான். என்ன சொல்வது? "பூமிக்கு உள்ளே பார்த்தவருப்பா" என்றேன். யாரோ ஜோசியர் போலிருக்கிறது என்று நினைத்து அவன் எழுந்து போய்விட்டான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஆவடி குவார்ட்டர்ஸில் அவரோடு குடியிருந்தவர்களுக்கும் பாக்டரியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரை நன்றாகத் தெரியும். அதிர்ந்து பேசாதவர், சைக்கிளில் போகும்போதுகூட நேர்கோட்டில் போகிறவர் என்று தெரியும். ஆனால் அம்பத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரான மேனாம்பேட்டில் அவர் செய்த காரியம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வருஷத்தை நம்பராகச் சொல்ல எனக்கு வராது. மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்ததே, அந்த வருஷம். முதலமைச்சர் இறந்து, ரயில் கூரை மேலெல்லாம் ஜனங்கள் ஏறிப் பட்டணம் போனார்களே, அதே வருஷம். ஆடி மாசத்தில் நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் இடுகாட்டின் மேல் ரோடு வரப்போகிறது, ஐப்பசி மழைக்குள் அவரவர் சொந்தங்களை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் புது இடத்துக்குப் போங்கள் என்று சர்க்காரில் சொன்னதும் அதே ஆடியில்தான்.

நான் அப்போது டிராயிங் ஆபீசில் ஹெல்பர். படங்களைச் சுருட்டி ஷாப்புக்குக் கொண்டுபோவதும் திருப்பிக்கொண்டு வருவதும் வேலை. சார் அங்கே வரைகிறவர். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். ஒருநாள் அவர் மேசையில் ஒரு இரும்பு வால்வு இருந்தது. பக்கத்தில் அதன் படம். படத்தில் அந்த வால்வு பலாப்பழம் போலப் பாதியாகப் பிளந்துகிடந்தது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங், பந்து, ஓட்டை எல்லாம் தெரிந்தன. மேசையில் இருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"அறுத்துப் பாத்தியா சார்?" என்று கேட்டேன்.

"அறுத்தா வால்வு போயிரும்லா. அறுக்காம அறுக்கதுதான்வே நம்ம தொழிலு" என்றார்.

அன்று ராத்திரி சோறு சாப்பிடும்போது சட்டியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கிற கண் ஒருவருக்கு இருக்கிறது என்று நினைத்து, சட்டியை விரலால் தட்டிப் பார்த்தேன்.

இடுகாட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு படம் இருந்தால் குழப்பம் இல்லாமல் எடுக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். நான் சாரைக் கேட்டேன். உடனே சரியென்றார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். டேப் பிடித்தோம். பனைமரத்தை மூலையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டாரும் காட்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் பேர் எழுதினார். அடுத்த வாரம் அந்தப் படத்தை அம்மன் கோயில் சுவரில் ஒட்டினோம். ஊரே கூடிவிட்டது. படிக்கத் தெரிந்த பையன்களை விட்டு, தன் அப்பன் எங்கே, தன் ஆத்தா எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிழவி படத்திலேயே விபூதி பூசிவிட்டாள்.

என் அக்கா கன்னியம்மாளைச் சென்னீர்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிள்ளை சேகர் நாலு வயசில் காய்ச்சலில் போனான். எங்கள் வீட்டில் இருக்கும்போது போனதால் எங்கள் ஊரிலேயே புதைத்தோம். இடுப்புக் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து இருந்தது. புதைக்கும்போது எல்லாவற்றையும் கழற்றுவதுதான் வழக்கம். அக்கா அதை மட்டும் தொடவிடவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பெண்பிள்ளை ஒன்று பிறந்தது. ஆனாலும் வருஷா வருஷம் வந்து அந்த இடத்தில் பால் ஊற்றிவிட்டுத்தான் போவாள்.

படம் ஒட்டியதைக் கேள்விப்பட்டு வந்தாள். சேகர் எங்கே என்று கேட்டாள். பையன்கள் தேடினார்கள். சேகர் என்ற பேரே படத்தில் இல்லை. அவள் என்னை இழுத்துக்கொண்டு நேரே இடுகாட்டுக்குப் போய் ஒரு இடத்தில் நின்றாள். அன்று வந்திருந்த சாரும் இன்னும் சிலரும் பின்னாலேயே வந்தார்கள். படத்தில் அந்த இடத்து வட்டத்துக்குள் செங்கேணி என்று எழுதியிருந்தது. செங்கேணி என்பவர் எங்கள் தெருப் பெரியவர். மூன்று வருஷத்துக்குள்தான் இறந்திருந்தார். அவர் மகன் ஏழுமலை அம்பத்தூரில் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவன். எனக்குக் கூட்டாளி. வாய் அதிகம். அவனும் கூட வந்திருந்தான்.

"இன்னாடா இது? எம்புள்ள படுத்துகினு கீற எடத்துல யார் பேர எழுதி வெச்சிகீறீங்க?" என்றாள் அக்கா.

"எங்க நைனா பேருக்கா. நான்தான் எழுதச் சொன்னேன். இங்கதான் வெச்சேன், நான்தான் மண்ணு தள்ளினேன். எனுக்குத் தெரியாதா?"

"பனமரத்து நெழலு சாயங்காலம் வந்து உழுற எடம். எம்புள்ளைக்கு வெயிலு படக்கூடாதுன்னு நான் பாத்து வெச்ச எடம்டா இது."

"பெரிய மழைல அடையாளக் கல்லுலாம் அடிச்சிகினு பூட்ச்சி. நீ வேற எங்கனா வெச்சிருப்ப. உடுக்கா, ஒரு புடி மண்ணு எடுத்து முடிஞ்சிகினு போ. எடம் தெரியாதவங்கல்லாம் அதான் செய்றாங்க."

"மண்ண எடுத்துகினு போயி இன்னா பண்றது, கத்திரிக்கா செடி வெக்கறதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சார் பக்கம் திரும்பினாள். "நீதான் படம் போட்டியா சார்? எம்புள்ள எங்க?"

சார் தயங்கினார். "தாயி, ஒரு வட்டத்துக்குள்ள ஒரு பேருதான எழுத முடியும்? கடைசியா யாரு இருக்காங்களோ, அவங்க பேர எழுதியிருக்கு" என்றார்.

"அப்ப முன்னாடி இருந்தவன் எங்க போவான் சார்?"

அவர் திரும்பி நடந்தார். கோயிலுக்குப் போனார். படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்துச் சுருட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட் வரை போனார். பிறகு, "தப்பான படம் போட்டுட்டோம்வே" என்றார்.

"எடம் சரிதான சார்?"

"எடம் சரி. எடம் மட்டுந்தான் சரி."

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாக வந்தார். யாரிடமும் எங்கே என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்டார். எங்கள் ஜனத்துக்குத் தேதி ஏது? அவரும் தேதி கேட்கவில்லை. எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று மட்டும் கேட்டார். ரேஷனில் கோதுமை போட்டதற்கு முன்னாலா? பெரிய மழைக்குப் பின்னாலா? லாரிக்காரர்கள் செம்மண் கொட்டி மேடாக்கினார்களே, அப்போது இந்தக் குழி இருந்ததா? அக்காவிடம் கேட்டபோது அவள், "எனுக்கு வருசம் இன்னா சார் தெரியும்? சீனாக்காரன் சண்டைன்னு பாக்டரில ஆளு எடுத்தாங்கோ, எம்புருசன் போயி நின்னுட்டு வேல கெடைக்காம வந்தாரு, அந்த மாசம்" என்றாள். சார் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு மேல என்ன தாயி வேணும்?" என்றார்.

ஊரில் கிண்டல் பறந்தது. ஏழுமலைதான் ஆரம்பித்தான்: "மேல நெலாவுக்கு ஒருத்தன் போனான். இவரு கீழ போய்கினுகீறாரு. எவன் மொதல்ல திரும்பி வரான்னு பாப்போம், மாமே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாறை கொண்டுவரச் சொன்னார். பிணக்குழியைத் தோண்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பனைமரத்தின் அடியைத் தோண்டச் சொன்னார். தோண்டினேன். மேலே லாரி கொட்டிய செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வண்டல், முழங்கால் உயரத்துக்கு. பெரிய மழையில் ஏரி கொண்டுவந்து போட்டது. அதற்கும் கீழே கறுப்பு மண். அந்தக் கறுப்பு மண்ணில்தான் மரத்தின் தூர் அகன்று, வேர் கிளம்பியது. நாங்கள் பனைமரத்தின் அடி என்று நினைத்து முதுகு சாய்த்திருந்ததெல்லாம் அதன் இடுப்பு.

சார் குழிக்குள் இறங்கி அந்த வேரைக் கையால் தொட்டார். "அந்தப் பயல வச்ச அன்னைக்குத் தரை இங்க இருந்துச்சு. பெரியவர வச்ச அன்னைக்கு அந்த வண்டலுக்கு மேல இருந்துச்சு. நாம நிக்கது மூணாவது தரை. எந்தத் தரையில இருந்து அளக்கோம்னு தெரியாம ஆழம்னு சொன்னா அதுக்கு அர்த்தமே கெடையாது" என்றார்.

நான் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து நடக்கிற மண். அதற்குக் கீழே ஒரு தரை, அதற்கும் கீழே ஒரு தரை, ஒவ்வொன்றிலும் ஒரு காலத்து ஜனங்கள் நடந்த கால்தடம். காலை எடுத்து வைக்கவே கூச்சமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு விடுமுறை நாள், ஏழுமலையையும் அக்காவையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வரச் சொன்னார். ரெண்டு பேரும் ரயிலில் தனித்தனிப் பெட்டியில் வந்தார்கள். சார் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் காலை வெயில் அடித்தது. அவர், அடியில் இருப்பது மேலே தெரிகிற டிரேசிங் பேப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் கண்ணாடியில் வைத்து, மூலையில் குத்திய ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சேரும்படி பொருத்தினார். ஒவ்வொரு பேப்பரும் ஒரு காலம். மேலே இருந்ததில் வட்டங்கள் பளிச்சென்று இருந்தன. அதற்குப் பின்னால் இருந்தவை கொஞ்சம் மங்கல். அதற்கும் பின்னால் இருந்தவை இன்னும் மங்கல். ஆனால் எல்லாம் தெரிந்தன. நான் சொல்கிறேன், எங்கள் இடுகாடு முழுக்கக் கண்ணாடியாகி வெயிலில் நின்றது. என் தாத்தா காலத்து ஆட்கள் வரைக்கும் உள்ளே படுத்திருந்தார்கள்.

அந்தப் பனைமரத்து இடத்தில் மூன்று வட்டம் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தது. முதலில் செங்கேணி. அதற்குப் பின்னால் சின்ன வட்டம், சேகர். அதற்கும் பின்னால் பேர் எழுதாத ஒரு வட்டம்.

"அது யாரு சார்?" என்றேன்.

"தெரியல. ரொம்பப் பழைய ஆளு. அங்க ஒண்ணு இருந்துச்சுன்னு ரெண்டு பேரு சொல்லுதாங்க. பேரு தெரியாட்டியும் ஆளு உண்டுல்லா?"

பிறகு ஏழுமலையையும் அக்காவையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க. எடம் ஒண்ணுதான். காலம் வேற, ஆழம் வேற. பொய் சொன்னது என் படம்."

பக்கவாட்டில் பூமியைப் பிளந்த மாதிரி இன்னொரு படம் வைத்திருந்தார், அந்த வால்வைப் போல. செம்மண், வண்டல், கறுப்பு மண் மூன்றுக்கும் மூன்று கோடு. கறுப்பு மண்ணுக்குள் சின்னப் பிள்ளையின் வட்டம். "பெரியவருக்கு எம்புட்டு ஆழம் வெட்டினீங்க ஏழுமலை?" என்று கேட்டார்.

"ஆளு மட்டம் சார். எங்க நைனாக்கு நான் கொறையா வெட்டுவனா?"

சார் ரூலரை வைத்து, வண்டலின் மேல்மட்டத்திலிருந்து ஆள் மட்டத்துக்கு ஒரு குழியை இழுத்தார். கோடு வண்டலைத் தாண்டி, சின்ன வட்டத்தின் நடுவே இறங்கி, அதற்கும் கீழே போய் நின்றது.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கோடு தெரிந்தது. "அப்ப எம்புள்ளைய வெட்டி வாரிப் போட்டுட்டீங்களா?" என்றாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

ஏழுமலை ஜன்னலைப் பார்த்தபடியே நின்றான். எங்கள் பக்கத்தில், பெற்றவனை ஆழமாக வைக்காதவனை மகன் என்று மதிக்க மாட்டார்கள். நாய் நரி தோண்டும்படி வைத்தான் என்பார்கள். அவன் என் பக்கம்கூடப் பார்க்கவில்லை.

"இல்லக்கா" என்றான். "அன்னிக்குத் தண்ணி ஊறிச்சி. வெட்ட வெட்ட ஊறுது. எங்க நைனாவத் தண்ணில எறக்க மனசு வரல. இடுப்பளவோட நிறுத்திட்டேன். ஆளு மட்டம்னு ஊருக்குச் சொன்னேன். எங்க ஆத்தாவுக்கே தெரியாது."

சார் பிளேடு எடுத்தார். டிரேசிங் பேப்பரில் மையை அழிப்பதென்றால் பிளேடால் மெல்லச் சுரண்ட வேண்டும். ஆள் மட்டத்துக்குப் போன கோட்டைக் கீழிருந்து சுரண்டிக்கொண்டே வந்தார். சின்ன வட்டத்துக்குள் இருந்த கோடு போயிற்று. வட்டத்துக்கு மேலேயும் சுரண்டினார். இடுப்பளவில் புதுக் கோடு போட்டார். புதுக் கோட்டுக்கும் சின்ன வட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளை இடம் விட்டிருந்தது. அதில் விரலை வைத்து, "ஒரு சாண் மண்ணு. அதுக்குக் கீழ உன் பிள்ள இருக்கணும் தாயி" என்றார்.

அக்கா அந்த வெள்ளை இடத்தைத் தன் விரலாலும் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே போனோம். அக்கா, ஏழுமலை, சார், நான். ரெண்டு புதுப்பானை வாங்கி மஞ்சள் தடவியிருந்தோம். ஏழுமலை வேறு யாரையும் வெட்டவிடவில்லை. செம்மண்ணை அள்ளிப் போட்டான். வண்டலுக்குள் இறங்கினான். அவன் சொன்ன இடுப்பளவில் அவன் அப்பா இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பானையில் வைத்து வேட்டித் துணியால் மூடினான். மேலே ஏறி வருவான் என்று நினைத்தேன். அவன் கடப்பாறையை என் கையில் கொடுத்தான்.

"வாணாம் மச்சான். இதுக்கு மேல கையால" என்றான்.

குழிக்குள் மண்டிபோட்டு, விரலால் மண்ணை வழித்தான். ஒரு சாண் கறுப்பு மண். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பாசி நிறத்தில் ஒரு தாயத்து தெரிந்தது.

அக்கா குழியோரத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் அலறுவாள் என்று பார்த்தோம். அவள் உள்ளே பார்த்து, "இன்னும் ஒருக்களிச்சிதான் படுத்துகினு கீறான்" என்றாள். முந்தானையை விரித்தாள். ஏழுமலை தன் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையிலும் எடுத்துக் கொடுத்தான்.

சாரைத் தேடினேன். பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்று, குழியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது சொன்னார்: "எத்தனையோ படம் போட்டுட்டேன்வே. நான் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருந்தது இன்னைக்குத்தான்."

பேர் தெரியாத மூன்றாவது ஆளையும் நாங்கள் விடவில்லை. இன்னும் கீழே கொஞ்சம் கிடைத்தது. ஏழுமலைதான் அதற்கும் ஒரு பானை வாங்கி வந்தான்.

புது இடுகாட்டுக்கும் சார்தான் படம் போட்டார். அவர் ரிட்டையர் ஆகும் வரை ஊரில் யார் போனாலும் சொல்லி அனுப்புவோம். அடுத்த ஞாயிறு பேப்பர் சுருளோடு வந்துவிடுவார். துக்கம் கேட்பார், பிறகு மெதுவாக, "எம்புட்டு ஆழம்? உள்ளதச் சொல்லுங்க, தப்பில்ல" என்பார். தண்ணி ஊறிச்சு சார், பாறை வந்துச்சு சார் என்று ஜனங்கள் கூச்சமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார்கள். ஏழுமலை அப்படி வெட்டியதை நாங்கள் மூன்று பேரும் வெளியே சொல்லவில்லை. சில வருஷம் கழித்து அவனே சபையில் சொன்னான். இப்போது அவனும் இல்லை, அதனால் சொல்கிறேன்.

என் பேத்தி கம்ப்யூட்டரில் ஊர்ப் படம் போடுகிற கம்பெனியில் இருக்கிறாள். இந்த இடத்தை எழுதும்போது நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, நாங்க இன்னும் இதோடதான் மல்லுக்கட்டிகினு இருக்கோம். படத்துல ஒரு எடத்த வெச்சா அது ஒரு நேரத்துலதான் நிக்குது. ஆழத்தையும் காலத்தையும் அதுக்குள்ள கொண்டாறதுக்குள்ள உயிர் போகுது." எனக்கு அவள் சொன்னதில் பாதி புரிந்தது. அந்தப் பாதியை நான் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் என்னவென்று கேட்டால், பொருள் ஒன்றும் இல்லை. அந்தப் பேப்பர்கள்கூடக் கரையான் அரித்துவிட்டன. ஒரு கேள்வி மிச்சம். ரெண்டு பேர் ஒரே விஷயத்துக்குச் சண்டை போட்டால், யார் சொல்வது சரி என்று நான் கேட்பதில்லை. நீ எந்தக் காலத்தைச் சொல்கிறாய் என்றுதான் கேட்கிறேன். அப்புறம் இன்னொன்று. அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது, இந்த வயசிலும் காலை மெல்லத்தான் வைக்கிறேன்.

செய்தி வந்த மூணாம் நாள் சாயங்காலம் நெமிலிச்சேரிக்குப் போனேன். அக்கா இப்போது அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறாள். காது மந்தம். கிட்டே உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று.

"எங்க வெச்சாங்க?" என்றாள்.

"எரிச்சிட்டாங்கக்கா. அவங்க வழக்கம் அது. சாம்பல ஆத்துல உட்டுட்டாங்க."

நான் எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்தாள். "நம்ம புள்ள பக்கத்துல எடம் இருந்திச்சேடா" என்றாள்.

அன்று அந்தக் குழியோரத்தில் நின்றவர்களில், என்னை விட்டால், இப்போது உயிரோடு இருப்பது இந்தக் கன்னியம்மா ஒருத்திதான்.